நான்காவது மாதம்

எங்கள் ஊர்ப் பக்கம் ஜிம் வைப்பவர்கள் ஜனவரியை நம்பிக் கடன் வாங்குவார்கள், ஏப்ரலில் வட்டி கட்டத் திணறுவார்கள். புத்தாண்டு பிறந்த வாரத்தில் அட்மிஷன் குவியும். பொங்கல் கழிந்து இன்னொரு கூட்டம் வரும். மார்ச்சில் பரீட்சை என்று மாணவர்கள் நின்றுவிடுவார்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வியர்த்து வழிய முடியாமல் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். திண்டிவனத்தில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் முதல் வாரத்திலேயே சொன்னது இதுதான்:

"முதல் மாசம் வர்றவன் ஆசையில வர்றான் தம்பி. நாலாவது மாசமும் வர்றவன்தான் உன்னை நம்பி வர்றான். உன் சம்பளம் அவன்கிட்டதான் இருக்கு."

எப்படி ராடு பிடிப்பது, எவ்வளவு எடை ஏற்றுவது, என்ன சாப்பிடச் சொல்வது என்று பிறகு அவரிடம் கற்றுக்கொண்ட எல்லாமே, வந்த ஆளை நான்காவது மாதத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கான வழிகள்தான்.

விழுப்புரம் அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம். முடித்த கையோடு அவரிடம் போனேன். காலேஜ் காலத்தில் ஏற்றிய உடம்பு இருந்தது. எங்கள் பக்கம் டிரெய்னர் ஆக அதுவே போதும். கை பருமனாக இருந்தால் ஒரு டீ-ஷர்ட்டைக் கொடுத்து நிறுத்திவிடுவார்கள். மாஸ்டர் அறுபதை நெருங்கியவர். வெள்ளைச் சட்டையும் மூக்குக் கண்ணாடியுமாக மேசையில் உட்கார்ந்திருந்தார். என் கையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதோ அந்தப் பையன் ஸ்குவாட் போடுறான். என்ன தெரியுதுன்னு சொல்லு" என்றார். எத்தனை கிலோ ஏற்றியிருக்கிறான் என்று எண்ணத் தொடங்கினேன். "ராடைப் பாக்காத. காலைப் பாரு" என்றார். வேலை கிடைத்துவிட்டது என்பது மறுநாள்தான் புரிந்தது.

திண்டிவனம் எங்கள் ஊரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். ஐந்து மணிக்கு ஷட்டர் தூக்க வேண்டும் என்பதால் காலையில் ரயிலை நம்ப முடியாது. சென்னை போகும் ஏதாவது ஒரு பேருந்தில் நின்றுகொண்டே போவேன். திரும்பும்போது பாசஞ்சர். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று வரும் அந்த ரயிலில்தான் அன்றைக்கு மாஸ்டர் சொன்னதை நோட்டில் எழுதுவேன்.

முதல் வேலை பிளேட் எடுத்து அடுக்குவது. அதில் என்ன கற்க இருக்கிறது என்று தோன்றும். ரேக்கில் இருக்கும் ராடிலிருந்து ஒரு பக்கத்துப் பிளேட்டுகளை மட்டும் வரிசையாக உருவினால் மறுபக்க எடை இழுத்து ராடு கவிழும். பக்கத்தில் நிற்பவன் முகத்தில் அடிக்கும். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றித்தான் எடுக்க வேண்டும். தனியாக பெஞ்ச் பிரஸ் போடுபவன் ராடில் கிளிப் மாட்டக் கூடாது. தூக்க முடியாமல் நெஞ்சில் அமர்ந்துவிட்டால், ஒரு பக்கம் சாய்த்துப் பிளேட்டை வழியவிட்டு வெளியே வர அதுதான் வழி. கட்டைவிரல் ராடைச் சுற்றியே இருக்க வேண்டும். சப்போர்ட் கொடுக்க நிற்பவன் ஃபோன் பார்க்கக் கூடாது. இதையெல்லாம் மாஸ்டர் சட்டம்போல எழுதி ஒட்டியிருக்கவில்லை. பக்கத்தில் நின்று, கை அந்த இடத்துக்குத் தானாகப் போகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

அடுத்தது கண். ஸ்குவாட்டைப் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும், பிறகு எதிரில் நின்று. பக்கவாட்டில் தெரிவது குதிகாலும் முதுகும். எதிரில் தெரிவது முட்டி உள்ளே மடங்குகிறதா என்பது. வயல் வேலைக்குப் போய் வளர்ந்தவர்கள், செங்கல் சூளையில் வேலை செய்தவர்கள் குதிகால் தரையில் பதிய ஆழமாக உட்கார்ந்து எழுவார்கள். அவர்களுக்கு நாம் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. பத்து வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவருக்குப் பாதி தூரம் இறங்கும்போதே குதிகால் கிளம்பும். அவர் முதுகில் ராடை வைப்பதற்கு முன்னால் பெஞ்ச்சில் உட்கார்ந்து எழச் சொல்ல வேண்டும், குதிகாலுக்கடியில் இரண்டரை கிலோ பிளேட்டை வைத்துப் பார்க்க வேண்டும், கணுக்கால் இளகக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு எடை ஏற்றினால் மூன்றாவது வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார், திரும்பி வர மாட்டார்.

இந்தப் பொறுமை மாஸ்டருக்கு அவருடைய வாத்தியாரிடமிருந்து வந்தது. மெஷின் எதுவும் ஊருக்குள் வராத காலத்தில் தண்டால், பஸ்கி, கர்லா கட்டை மூன்றையும் வைத்து உடம்பு வளர்த்தவர் அவர். ஒரு ஜோடி கர்லா எங்கள் ஜிம் மூலையில் எப்போதும் இருக்கும். பையன்கள் அதைத் தொட மாட்டார்கள். கம்ப்யூட்டர் முன்னால் குனிந்தே தோள் இறுகிப்போனவர்களிடம் மாஸ்டர் அதைத்தான் முதலில் கொடுப்பார். லேசான கட்டையாக எடுத்து மெதுவாகத் தலைக்குப் பின்னால் சுழற்றச் சொன்னால், சில வாரங்களில் கையை உயர்த்தும்போது இருந்த பிடிப்பு குறையும். இப்போது சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஹாரி குரோ பக் 1920-ல் தொடங்கினார்; உடற்பயிற்சி சொல்லித்தருவது நம் மாநிலத்தில் நூறு வருஷத்துக்கு மேலாகப் படிப்பாகவே இருக்கிறது. படிப்புக்கு வெளியே, பஜனை மடத்தின் பின்புறத்திலும் ஆற்றங்கரையிலும் மணல் கொட்டிப் பயிற்சி செய்தவர்களின் வரிசையும் ஒன்று இருக்கிறது. மாஸ்டர் இரண்டிலிருந்தும் எடுத்துக்கொண்டவர்.

சுவரில் ஒரே ஒரு படம்தான் ஒட்டியிருந்தார்: வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கியவர், 2018-லும் தங்கம் வாங்கினார். நூறு கிலோ உடம்பு வேண்டும் என்று வரும் பையன்களை மாஸ்டர் அந்தப் படத்துக்கு முன்னால் நிறுத்துவார். "இவரு எடை 77. உனக்கு எதுக்குடா நூறு?"

கண் பழகிய பிறகு நோட்டு வந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்: வயது, வேலை, எத்தனை மணிக்குத் தூங்குகிறார், என்ன மாத்திரை சாப்பிடுகிறார், முன்பு எங்கே அடிபட்டது, எதற்காக வந்தார். கடைசிக் கேள்விக்கு முதல் நாள் சொல்லும் பதில் பெரும்பாலும் உண்மையாக இருக்காது. "ஃபிட்டா இருக்கணும்" என்பார்கள். இரண்டு வாரம் கழித்து, தண்ணீர் குடிக்கும்போது, தங்கச்சி கல்யாணம் என்பார்கள், டாக்டர் பயமுறுத்திவிட்டார் என்பார்கள், போலீஸ் தேர்வு என்பார்கள். அன்றைக்கு அந்தப் பக்கத்தை அடித்துத் திருத்தி எழுத வேண்டும். மளிகைக் கடைக்காரர் கடன் நோட்டைப் புரட்டுவதுபோல மாஸ்டர் தினமும் இரவில் அதைப் புரட்டுவார். மூன்று நாள் வராதவர் பெயருக்கு நேராக ஒரு புள்ளி வைப்பார். மறுநாள் காலையில் நான் அவருக்கு ஃபோன் செய்ய வேண்டும். "ஏன் வரல?" என்று கேட்கக் கூடாது. "நாளைக்கு முட்டிக்கு லேசா ஒண்ணு செய்யலாம்னு மாஸ்டர் சொன்னாரு, வாங்கண்ணா" என்று சொல்ல வேண்டும்.

எங்கள் மாவட்டத்தில் ஒரு டிரெய்னருக்கு நிலையான வருமானம் தருபவர்கள் போலீஸ் வேலைக்குத் தயாராகும் பையன்கள்தான். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எழுத்துத் தேர்வு முடிந்ததும் உடல்திறன் தேர்வு வரும். எங்கள் பக்கத்துக்கு அது விழுப்புரம் காகுப்பம் ஆயுதப்படை மைதானம். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். மார்பளவு 81 செ.மீ., மூச்சை இழுத்தால் குறைந்தது 5 செ.மீ. விரிய வேண்டும். கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல் அல்லது உயரம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம் என்று அதற்குப் பிறகு வரும். பையன்கள் மார்பளவை நினைத்து ஜிம்முக்கு வந்து பெஞ்ச் பிரஸ்ஸிலேயே கிடப்பார்கள். எடை கூடும், ஓட்டம் விழும்.

மாஸ்டர் கணக்குப் போட்டுக் காட்டுவார். 1500 மீட்டருக்கு 7 நிமிடம் என்றால் 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. விசில் அடித்ததும் பையன்கள் முதல் சுற்றை 80 விநாடியில் ஓடி, மூன்றாவது சுற்றில் நாக்குத் தள்ளி நடப்பார்கள். எனவே முதல் மாதம் அவர்களுக்கு வேகம் கற்றுத்தர மாட்டோம், ஒரே சீராக ஓடத்தான் கற்றுத்தருவோம். மூன்றரை சுற்று முடிந்த பிறகு கடைசி 100 மீட்டரில் மட்டும் விரட்டலாம். கயிற்றுக்கு, புல்-அப் கம்பியில் துண்டைப் போட்டு அதைப் பிடித்துத் தொங்கச் சொல்வோம். ஒரு மாதத்தில் பிடி இறுகிவிடும். கால் பூட்டு தெரியாதவன் கை பலத்தை மட்டும் வைத்துப் பாதிக் கயிற்றிலேயே களைத்துப்போவான். கயிற்றைக் காலுக்கு நடுவில் மடித்துப் பூட்டப் பழகியவன் சுலபமாக 5 மீட்டர் ஏறிவிடுவான்.

உயரத்தை மாஸ்டர் முதல் நாளே அளப்பார். பொதுப் பிரிவுக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 170 செ.மீ., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 167. அது இல்லாதவனிடம் போலீஸ் பேட்ச் ஃபீஸ் வாங்க மாட்டார். "எந்த ஜிம்மும் உயரத்தைக் கூட்டாது தம்பி. வேற பரீட்சைக்குப் படி, உடம்புக்கு இங்க வா" என்பார். அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட ஒருவன் வேறு அரசு வேலைக்குப் போய், தன் தெருப் பையன்களையெல்லாம் எங்களிடம் அனுப்பினான்.

காலை ஒன்பது மணிக்கு மேல் வருபவர்கள் வேறு வகை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அரிசி மண்டி வைத்திருப்பவர்கள், எண்ணெய் மில் முதலாளிகள். பாதிப் பேருக்குச் சர்க்கரை. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. எங்களை ஒட்டியுள்ள புதுச்சேரியில் அது 26.3. இந்த பேட்ச்சை நடத்துவதில்தான் ஒரு டிரெய்னரின் தரம் தெரியும் என்று மாஸ்டர் சொல்வார்.

தசை வேலை செய்யும்போது இன்சுலின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அதனால் பயிற்சி இவர்களுக்கு மருந்துபோல வேலை செய்கிறது. ஆனால் இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றில் வந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகும். கை நடுங்கும், குளிர்ந்து வியர்க்கும், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார். மேசை டிராயரில் சர்க்கரை டப்பா எப்போதும் இருக்கும். மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் உட்கார வைக்க வேண்டும். வெறுங்காலோடு பயிற்சி செய்ய விடக் கூடாது. காலில் உணர்ச்சி மங்கியவருக்குக் காயம் பட்டது தெரியாது. ரத்த அழுத்தம் உள்ளவர் மூச்சை அடக்கி எடை தூக்கக் கூடாது, தூக்கும்போது மூச்சு வெளியே போக வேண்டும். கண்ணில், இதயத்தில் பிரச்சினை என்று சந்தேகம் வந்தால் டாக்டர் கடிதம் இல்லாமல் ராடைத் தொட விடுவதில்லை. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டிவிட்டு வாருங்கள் என்று நாங்கள் அனுப்பிய ஆட்கள் கோபித்துக்கொண்டது உண்டு. திரும்பி வந்தவர்கள் வருஷக்கணக்கில் இருக்கிறார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் எங்கள் மண்ணிலேயே பதில் இருந்தது. எடைப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் போதும்; 60 கிலோ பையனுக்கு 96 கிராம். ஆறு முட்டையில் 36, அரை லிட்டர் பாலில் 16, 50 கிராம் வேர்க்கடலையில் 12, அதே அளவு கொண்டைக்கடலையில் 10. சோறு, பருப்பு, இட்லியில் வருவதைச் சேர்த்தால் கணக்கு முடிந்தது. மரக்காணத்திலிருந்து வரும் மத்தி மலிவாக இருக்கும் நாளில் முட்டையைக் குறைத்துக்கொள்ளலாம். திண்டிவனம் சந்தையில் மூட்டை மூட்டையாக இறங்கும் வேர்க்கடலையிலும் ஒரு எச்சரிக்கை உண்டு: 100 கிராமில் 25 கிராம் புரதம் இருந்தால் அதைப்போல இரு மடங்கு கொழுப்பும் இருக்கிறது. எடை குறைக்க வந்தவர் அதைக் கையளவுக்கு மேல் சாப்பிட்டால் டிரெட்மில்லில் நடந்தது வீண்.

புரத பவுடர் கெட்டது என்று மாஸ்டர் சொன்னதில்லை. அது பாலிலிருந்து எடுப்பதுதான். காசு இருப்பவர் அசல் பொருளாகப் பார்த்து வாங்கட்டும் என்பார். அதில் கமிஷன் வாங்குவதைத்தான் அனுமதிக்கவில்லை. பல ஜிம்களில் டிரெய்னருக்குச் சம்பளத்தைவிட பவுடர் கமிஷன் அதிகம் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஊசி விஷயத்தில் அவர் கறார். மெஃபென்டெர்மின் என்று ஒரு மருந்து இருக்கிறது. ஆபரேஷன் நேரத்தில் மயக்க மருந்தால் ரத்த அழுத்தம் விழுந்தால் அதை உயர்த்த டாக்டர்கள் போடுவது. களைப்புத் தெரியாது என்று இதைப் பையன்கள் ஜிம்முக்கு வருமுன் போட்டுக்கொள்கிறார்கள். இதயம் தாறுமாறாக ஓடும், பழக்கம் விடாது. ஸ்டீராய்டு போட்டால் உடம்பு தானாகச் சுரக்கும் ஆண் ஹார்மோனை நிறுத்திக்கொள்ளும், விந்தணு குறையும். "கல்யாணமாகி ரெண்டு வருஷம் கழிச்சு ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கும்போது உன் கையைப் பாத்து யாரும் கைதட்ட மாட்டாங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்வார். அதற்கு அப்புறம் அவன் வராமல் போனாலும் அவர் கவலைப்பட்டதில்லை.

கையில் சான்றிதழ் இல்லாமல் இந்தத் தொழிலில் ஓரளவுக்கு மேல் போக முடியாது என்பதையும் அவர்தான் சொன்னார். வழிகள் பல. 2005-ல் தொடங்கி இப்போது மேலக்கோட்டையூரில் இயங்கும் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் பட்டமே படிக்கலாம். மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் ஃபிட்னஸ் டிரெய்னர் சான்றிதழ் இருக்கிறது. அமெரிக்காவின் ஏ.சி.இ. போன்ற அமைப்புகளின் தேர்வை இங்கிருந்தே எழுதலாம். அதற்கு ஆங்கிலமும் பணமும் வேண்டும். நான் திறன் சான்றிதழில் தொடங்கினேன். தசைகளின் பெயர்களை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்ததைவிட, அந்தப் படிப்பில் எனக்குப் பயன்பட்டது சி.பி.ஆர். பயிற்சி. நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். பொம்மையின் மேல் இரண்டு நிமிடம் செய்து பார்த்தாலே நல்ல உடம்புக்காரனுக்கும் மூச்சு வாங்கும். ஒவ்வொரு டிரெய்னரும் இதைச் செய்து பழகியிருக்க வேண்டும்.

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய ஜிம்களுக்குத் தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 10-ல்தான் திறக்க அனுமதி கிடைத்தது. வாடகை நிற்கவில்லை. எங்கள் பகுதியில் சிலர் மெஷின்களை இரும்பு விலைக்கு விற்றார்கள். மாஸ்டர் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்காக ஃபோன் செய்தார். மொட்டை மாடியில் தண்ணீர் கேனைத் தூக்கச் சொன்னார், படிக்கட்டில் ஏறி இறங்கச் சொன்னார், சர்க்கரைக்காரர்களிடம் மாத்திரை இருக்கிறதா என்று விசாரித்தார். பணம் கேட்கவில்லை. திறந்த மாதம் முன்பணத்தோடு வந்தவர்கள் அந்த நோட்டில் இருந்தவர்கள்தான்.

அதற்கு அடுத்த வருஷம் அவருடைய சம்மதத்தோடு விழுப்புரத்தில் சின்னதாக ஒரு இடம் பிடித்தேன். மீரட்டில் செய்த ராடும் பிளேட்டும் புதிது, மற்றதெல்லாம் பழையது. இடம் மாடியில் கிடைத்ததால் பிளேட் விழும் சத்தத்துக்கு வீட்டுக்காரர் முகம் சுளித்தார். தரைக்கு ரப்பர் பாய் போட்டதில் ஒரு மாத வருமானம் போனது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் அளவுக்கு மழை கொட்டி, விழுப்புரம் தண்ணீரில் நின்றபோது மாடியின் அருமை தெரிந்தது. மாதக் கட்டணம் வாடகைக்கும் கரண்டுக்கும் சரியாகிவிடும். எனக்கு மிஞ்சுவது தனிப் பயிற்சிக் கட்டணமும் போலீஸ் பேட்ச்சும்தான். சென்னையில் ஒரு டிரெய்னர் வாங்குவதை நான் வாங்கவில்லை. ஆனால் என் நோட்டில் முதல் மாதம் சேர்ந்து இன்றைக்கும் வரும் பெயர்கள் இருக்கின்றன.

ஒரே ஒரு இடத்தில் நோட்டு காலியாகவே இருந்தது: பெண்கள். காலை பத்தரைக்கு மேல் அவர்களுக்கென்று நேரம் ஒதுக்கினேன். வந்தார்கள், இரண்டாவது மாதம் நின்றார்கள். முதுகு வளைவதைத் தொட்டுத் திருத்த நான் தயங்கினேன், கேட்க வேண்டியதைக் கேட்க அவர்கள் தயங்கினார்கள். மாதவிடாய் நாட்களில் என்ன செய்யலாம், பிரசவத்துக்குப் பிறகு எப்போது வயிற்றுப் பயிற்சி தொடங்கலாம் என்பதை எந்த அக்காவும் என்னிடம் கேட்டதில்லை. மாஸ்டரிடம் சொன்னேன். "உன்னால ஆகாத வேலையைச் செய்ய ஆள் தயார் பண்ணு" என்றார்.

காவலர் தேர்வுக்காக வந்த ஒரு தங்கை இருந்தாள். பெண்களுக்கான 400 மீட்டரைப் பயிற்சியிலேயே 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடிக் கடந்தவள், எழுத்துத் தேர்வில் நின்றுவிட்டாள். சொல்லித்தரும் வேலை பிடிக்குமா என்று கேட்டேன். வீட்டில் அம்மாவிடம் பேச என் மனைவியும் கூட வந்தாள். முதல் நாள் அவளைப் பக்கவாட்டில் நிற்க வைத்து, ராடைப் பார்க்காதே, காலைப் பார் என்றேன். டிரெட்மில்லுக்கு எடுத்து வைத்திருந்த பணம் அவளுடைய சான்றிதழ்ப் படிப்புக்குப் போனது. இப்போது பெண்கள் நேரத்தின் நோட்டு அவளிடம்தான் இருக்கிறது. நான் அதைத் திறப்பதில்லை. மாதக் கடைசியில் எத்தனை பேர் நான்காவது மாதம் தாண்டினார்கள் என்று மட்டும் கேட்பேன். போன மாதம் அவள் சொன்ன எண்ணிக்கை பாதிக்கு மேல். ஆண்கள் பேட்ச்சில் நான் இன்னும் அந்த அளவைத் தொடவில்லை.